ஏழாம் முடக்குக்கு ஒரு பெயர்

கனகரத்தினத்தார் காரை எடுத்தால் லுணுகலைப் பக்கத்துக் கோழிகள் முட்டையிட மறந்துவிடும் என்று ஒரு காலத்தில் சொல்வார்கள். சொன்னவர் பெரும்பாலும் கனகரத்தினத்தார்தான் என்றாலும், அதில் பாதியாவது உண்மை. வெள்ளைக்கல் தோட்டத்தில் பெரிய கிளாக்கராக இருந்தபோது, சீமைக்குத் திரும்பிப் போன ஒரு துரையிடம் அவர் சைக்கிள் விலைக்கு ஒரு பச்சைக் காரை வாங்கினார். இரண்டு பேர் உட்காரலாம், மூன்றாவதாக ஒரு பூனை ஏறினாலும் கார் முனகும். கிளம்பும்போது ஒரு துள்ளுத் துள்ளிவிட்டுத்தான் ஓடும் என்பதால் தோட்டத்துச் சனம் அதற்குத் தவளை என்று பெயர் வைத்திருந்தது.

அந்தத் தவளையில்தான் ஐம்பதுகளில் அவர் மலையேற்றப் பந்தயம் ஓடினார். ஆற்றுப் பாலத்தில் கிளம்பி, மலையைச் சுற்றிச் சுற்றி ஏறி, தொழிற்சாலை முற்றத்தில் முடியும் பந்தயம். ஓட வந்தவர்கள் எல்லாரும் வெள்ளைத் துரைமார். அவர்களுக்கு நடுவே வேட்டியை மடித்துக் கட்டி, மேலே தோல் தொப்பியும் காற்றுக் கண்ணாடியும் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த ஒரே ஆள் இவர். ஐந்து தடவை கோப்பை வாங்கினார். தோற்ற துரைமாரில் ஒருவர் அவமானத்தில் தேயிலையை விட்டுவிட்டு ஆப்பிரிக்காவுக்குக் காப்பி பயிரிடப் போனார் என்பது கனகரத்தினத்தாரின் கணக்கு.

வென்றதன் சூட்சுமம் ஏழாம் முடக்கில் இருந்தது. அந்த முடக்கு ஒரு கொண்டை ஊசி வளைவு. எந்தக் காரும் அதில் ஒரே மூச்சில் திரும்பாது. பாதியில் நின்று, கொஞ்சம் பின்னால் வந்து, மறுபடி ஏறவேண்டும். தவளையின் கைப்பிரேக்கோ அலங்காரத்துக்கு இருந்தது. அதனால் பக்கத்து இருக்கையில் இராசையா இருப்பான். மடியில் ஒரு பலாக்கட்டை. முடக்கில் கார் நின்றதும் வெளியே பாய்ந்து, பின்சக்கரத்துக்கு அண்டை கொடுத்து, "கட்டை" என்று ஒரு சத்தம் கொடுப்பான். மலைநாட்டு லொறி எல்லாவற்றிலும் கிளீனர் செய்கிற வேலைதான். ஆனால் லொறிக்காரன் மேலே ஏறியதும் நின்று கிளீனரை ஏற்றிக்கொள்வான். கனகரத்தினத்தார் நின்றதில்லை. கட்டை என்ற சொல் காதில் விழுந்தால் அவருடைய வலது கால் தானாக அமுங்கும். ஆள் இல்லாத கார் இலவம் பஞ்சுபோலப் பறக்கும். இராசையா கட்டையைத் தோளில் வைத்துக்கொண்டு நடந்தே மேலே வந்து சேரும்போது கோப்பையும் கொடுத்து, கேக்கும் தின்று முடித்திருப்பார்கள்.

"எங்கையடா போனனி, ஒண்டுக்கிருக்கவோ?" என்று துரைமார் முன்னால் கேட்பார் கனகரத்தினத்தார். துரைமாருக்கு அந்தத் தமிழ் மட்டும் விளங்கும்.

மூன்றாவது கோப்பை வாங்கிய வருடம் மழை பெய்து ரோடு சவர்க்காரம்போல வழுக்கியது. அண்டை கொடுப்பதற்குள் சக்கரம் இராசையாவின் இடது காலில் ஏறி நின்றது. மூன்று விரல்கள் அங்கேயே போயின. அவன் அப்போதும் கட்டையை வைத்துவிட்டு, சத்தமும் கொடுத்தான். கார் போய்விட்டது. மேலே, கொழும்பிலிருந்து வந்திருந்த பத்திரிகைக்காரர் ஒருவர், பக்கத்தில் யாரோ இருந்தமாதிரித் தெரிந்ததே என்று கேட்டார்.

"ஒருத்தரும் இல்லை," என்றார் கனகரத்தினத்தார். "பாரத்துக்கு ஒரு மண் மூட்டை வைச்சிருந்தன்."

அது பத்திரிகையிலும் வந்தது. அன்றோடு இராசையாவின் பெயர் போயிற்று. காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் மண் மூட்டை, கோயிலில் மண் மூட்டை, சம்பளத்தன்றைக்கும் மண் மூட்டை. அவன் மகளைப் பெண் பார்க்க வந்தவர்கள்கூட, "மண் மூட்டை வீடு எந்த லயத்துல?" என்று கேட்டுக் கேட்டுத்தான் வந்து சேர்ந்தார்கள். இந்தக் கதையைக் கனகரத்தினத்தார் வீட்டுக்கு வருகிற ஒவ்வொருவருக்கும் தேநீரோடு பரிமாறுவார். "மூண்டு விரலுக்கு ஒரு கோப்பை, மலிவுதானே?" என்று முடிப்பார். சிரிக்காதவர்களுக்கு இரண்டாவது தேநீர் கிடையாது.

இதெல்லாம் பழைய கதை. தொண்ணூற்றேழில் அவருக்கு எழுபத்து மூன்று வயது. பிள்ளைகள் இல்லை. ஓய்வு பெற்றபின் ஏழாம் முடக்குக்குக் கொஞ்சம் கீழே காணி வாங்கி வீடு கட்டியிருந்தார். முன்விறாந்தையில் உட்கார்ந்தால் முடக்கு முழுசாகத் தெரியும். கோப்பைகளின் வெள்ளிப் பூச்சு உரிந்துபோய், ஒன்றில் அவர் மனைவி குணமணி கொத்தமல்லி போட்டு வைத்திருந்தாள். மற்றொன்றில் கோழி தண்ணீர் குடித்தது.

அப்போதுதான் பதுளையில் மோட்டார்ச் சங்கம் வைத்திருந்த கிஷாந்தன் வந்து அந்தச் செய்தியைச் சொன்னான். ரோட்டுக்குப் புதுத் தார் போட்டாயிற்று. பழைய கார்களை வைத்து மறுபடி ஒரு மலையேற்றம் நடத்தப் போகிறார்கள். மேலே தொழிற்சாலை முற்றத்தில் கொழுந்து நிறுப்பதால் இந்தத் தடவை ஏழாம் முடக்கிலேயே பந்தயம் முடியும். வென்றவருடைய பெயரை முடக்குக்கு வைத்து, மூன்று மொழியிலும் பலகை நடுவார்கள்.

கனகரத்தினத்தார் அன்று சாப்பிடவில்லை.

"பேர் வைச்சால் பஸ்ஸிலை கொண்டக்டர் கத்துவான், கனகரத்தினம் முடக்கு இறக்கம் எண்டு," என்றார் குணமணியிடம். "நான் செத்த பிறகும் கத்துவான். ஒவ்வொரு நாளும் கத்துவான்."

"இறங்கிற சனம் என்ன செய்யும், கும்பிடுமோ?"

"நீ கொத்தமல்லியை வேறை எதிலையும் போடு."

இடைஞ்சலாக இருந்தது ஒரே ஒரு ஆள். வெலிமடையில் உருளைக்கிழங்கு வியாபாரம் செய்த ஜெயராசா ஒரு கறுப்புக் கார் வாங்கி, மீசை வழிக்கிற கண்ணாடிபோல மினுக்கி வைத்திருந்தார். காருக்கு வேகம் உண்டு, கைப்பிரேக்கும் உண்டு. ஆனால் ஜெயராசாவின் வயிறு ஸ்டியரிங்குக்கும் கதவுக்கும் நடுவே இறுகியிருக்கும். அவரைக் காரிலிருந்து இறக்க இரண்டு ஆளும் ஒரு பிரார்த்தனையும் வேண்டும். இதைக் கனகரத்தினத்தார் நன்றாகக் கவனித்து வைத்திருந்தார்.

பதுளையில் சங்கம் கூடியபோது அவர் எழுந்தார். முடக்கின் வளைவில் முனியப்பன் கல் இருக்கிறது. அதற்குத் தேங்காய் உடைக்காமல் எந்த வாகனமும் நல்ல காரியத்துக்கு மேலே போனதில்லை. ஆகவே கோடு, கடிகாரம் எல்லாம் எதற்கு? யாருடைய காய் முதலில் முனியப்பனுக்கு உடைகிறதோ, அவரே வென்றவர்.

"அப்ப நான் எறங்கணுமே," என்றார் ஜெயராசா.

"இறங்காமல் சாமிக்கு உடைக்கிறது எப்பிடி? ஜன்னலாலை எறியிறதோ?"

சபை சிரித்தது. கிஷாந்தன் யோசித்தான். "இப்படி எழுதவாங்கய்யா? பாலத்துலருந்து கார்ல வந்து, காயை முதல்ல ஒடச்சவர்தான் வென்றவர். அவர் பேருதான் பலகையில."

"அப்பிடியே எழுது. ஒரு எழுத்து மாத்தாதை," என்றார் கனகரத்தினத்தார். ஜெயராசாவுக்கு வியர்த்தது. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் கனகரத்தினத்தார் பஸ்ஸில் தனக்குத்தானே சிரித்து, பக்கத்து இருக்கைக்காரரைப் பயமுறுத்தினார்.

மிச்சம் இருந்தது கட்டை. தவளைக்கு அண்டை கொடுக்கப் பழகிய ஆள் உலகத்தில் ஒருவன்தான். கனகரத்தினத்தார் தோட்டத்தின் மேல்கணக்குப் பிரிவில் தொழிலாளர் குடியிருந்த லயத்துக்கு நடந்து போனார். இராசையா வாசலில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தான். தலை முழுக்க நரைத்திருந்தது. இடது காலில் பழைய துணி சுற்றியிருந்தது.

"என்னடா மண் மூட்டை, கட்டை தூக்க ஏலுமோ?"

"தூக்கலாங்க, கிளாக்கரய்யா."

"பாய ஏலுமோ?"

"பாயலாங்க. ரெண்டு வெரல் மிச்சம் இருக்கே."

"தேங்காய் உடைக்கிறதும் நீதான். றைவர் இறங்கி உடைக்கிற வழக்கம் எங்கையும் இல்லை. விளங்குதோ?"

"கிளீனர் வேலைதானேங்க அது," என்றான் இராசையா. வெங்காயத்தால் கண்ணில் நீர் வடிந்தது. அதைத் துடைக்காமலே சிரித்தான். அந்தச் சிரிப்பு கனகரத்தினத்தாருக்குக் கொஞ்சம் பிடிக்கவில்லை. ஆனால் பிடிக்கவில்லை என்பதற்காக வேறொரு இராசையாவை எங்கே தேடுவது?

பந்தயத்தன்று காலையில் பாலத்தடியில் இராணுவச் சோதனைச் சாவடிக்காரர்கள் தவளையைக் குடைந்து பார்த்தார்கள். குண்டாக இருக்குமோ என்று தேங்காயை எடுத்து ஆட்டி, காதில் வைத்துக் கேட்டு, ஒருவன் தூரத்தில் போய் நின்று மற்றவனை முகரச் சொன்னான். தோல் தொப்பிக்கும் காற்றுக் கண்ணாடிக்கும் தனி விசாரணை. கனகரத்தினத்தார் சிங்களத்தில் தன் ஐந்து கோப்பைகளையும் ஆதியோடந்தமாக விளக்கத் தொடங்கியதும் போகச் சொல்லிவிட்டார்கள்.

கொடி விழுந்தது. தவளை துள்ளியது. ஜெயராசாவின் கறுப்புக் கார் முதல் மூன்று முடக்கும் முன்னால் போனது. நாலாவதில் வயிறு ஸ்டியரிங்கைத் திருப்பவிடாமல் அவர் தடுமாற, கனகரத்தினத்தார் உள்பக்கமாக நுழைந்து, கறுப்புக் காரின் மினுக்கிய கதவில் பச்சையாக ஒரு கோடு இழுத்துக்கொண்டு முந்தினார்.

"பாத்தியோடா?"

"பாத்தேங்க."

"அவன்ரை மூஞ்சையைப் பாத்தியோ எண்டு கேக்கிறன்."

"கிழங்கு அழுகினாப்ல இருந்துச்சுங்க."

கனகரத்தினத்தார் வாய்விட்டுச் சிரித்தார். ஐந்தாம் முடக்கு. ஆறாம் முடக்கு. காற்றில் அவருடைய எழுபத்து மூன்று வயதில் நாற்பது கழன்று பின்னால் பறந்தது. தேயிலைக்குள் நின்ற பெண்கள் கூடையோடு திரும்பிப் பார்த்தார்கள். ஏழாம் முடக்கில் கூட்டம் நின்றது. பலகை நடப்பட்டிருந்தது. வெள்ளை அடித்து, "முடக்கு" என்ற சொல்லை மட்டும் எழுதி, முன்னால் இடம் விட்டிருந்தார்கள். பலகை எழுதுகிறவர் தூரிகையோடு தயாராக நின்றார். குணமணி புதுச் சேலை கட்டி முன்வரிசையில் இருந்தாள்.

கார் முடக்கில் பாதி திரும்பி நின்றது. பின்னால் நழுவத் தொடங்கியது. இராசையா ஒரு கையில் கட்டையும் மறு கையில் தேங்காயுமாகப் பாய்ந்தான். அறுபத்தைந்து வயதுக்காரன் குரங்குக்குட்டிபோல விழுந்து எழும்பி, அண்டை கொடுத்தான்.

"கட்டை."

இராசையா அதை மெதுவாகத்தான் சொன்னான். ஆனால் கனகரத்தினத்தாரின் வலது காலுக்கு வேறு எதுவும் கேட்டதில்லை. கால் அமுங்கியது. தவளை துள்ளி, முனியப்பனைத் தாண்டி, கூட்டத்தைத் தாண்டி, பலகையைத் தாண்டி, எட்டாம் முடக்கை நோக்கிப் பறந்தது.

அவர் திரும்பிப் பார்க்கவில்லை. பந்தயத்தில் ஒருநாளும் திரும்பிப் பார்த்தவரில்லை. கூட்டம் கத்தியது அவருக்குக் கைதட்டலாகத்தான் கேட்டது. தொழிற்சாலை முற்றத்துக்குள் வட்டமடித்து நுழைந்து, நாற்பத்து நாலு வருடத்துக்கு முன் துரைசானிமார் நின்ற பக்கம் பார்த்து இடது கையை உயர்த்தினார். அங்கே கொழுந்து நிறுக்க வரிசையில் நின்ற பெண்கள் அவரைப் பார்த்தார்கள். ஒரு மாடும் பார்த்தது. இயந்திரம் இருமி, இருமி, நின்றது. அதற்குப் பிறகு அது ஓடவேயில்லை.

"அய்யா யாருக்குக் கை காட்டுறீங்க?" என்று வரிசையில் முன்னால் நின்ற மீனாம்பாள் கேட்டாள்.

"பந்தயம்..."

"பந்தயம் கீழதானேங்க? ஏழாம் முடக்குல காய் ஒடைக்கிறதா சொன்னாங்க."

கனகரத்தினத்தார் பக்கத்து இருக்கையைப் பார்த்தார். காலியாக இருந்தது. தேங்காயும் இல்லை. கை இன்னும் உயர்ந்தே இருந்தது. அதை இறக்க மறந்துபோனார். "மாட்டுக்காவது எறக்குங்க அய்யா, மெரளுது," என்றாள் மீனாம்பாள். நிறுவை வரிசை முழுக்கச் சிரித்தது. கங்காணியும் சிரித்தார், கொழுந்தும் சிரித்திருக்கும்.

அவர் இறங்கி நடந்தார். தோல் தொப்பியோடு, வெயிலில், இரண்டு முழங்காலும் தனித்தனியாகப் புலம்ப, இராசையா ஏறிவந்த அதே ரோட்டில் இறங்கினார். ஏறுவதைவிட இறங்குவது கொடுமை என்று அன்றுதான் அவருக்குத் தெரிந்தது. எட்டாம் முடக்குக்கு மேலே செருப்பு அறுந்தது. புதுத் தார் சுட்டது. கீழிருந்து ஒலிபெருக்கிச் சத்தம் காற்றில் துண்டுதுண்டாக வந்தது. முதலில் தேங்காய் உடைந்த சத்தத்தைப் பற்றிச் சொன்னார்கள். பிறகு ஜெயராசாவை இரண்டு பேர் இன்னும் இழுத்துக்கொண்டிருப்பதாகச் சொன்னார்கள். பிறகு கிஷாந்தனின் குரல், ஒலிபெருக்கியில், தெளிவாகக் கேட்டது.

"காயை ஒடச்சவர் பேரு என்னங்க?"

கனகரத்தினத்தார் ரோட்டில் நின்றுவிட்டார். சொல்லடா, என்று நினைத்தார். கிளாக்கரய்யாவின் காய் என்று சொல்லு. உனக்கு ஒரு வேட்டி வாங்கித் தருகிறேன். செருப்பு வாங்கித் தருகிறேன். அந்தத் தேயிலைக் காட்டுக்கே கேட்கும் என்பதுபோல மனதுக்குள் கத்தினார்.

"இராசையாங்க."

அந்தப் பெயரை அங்கே பலர் முதல்முறையாகக் கேட்டார்கள்.

"கூட வந்தது யாருங்க? காரு மேல போயிருச்சே, யாரு ஓட்டுனது?" என்று தெரியாததுபோலக் கேட்டான் கிஷாந்தன்.

"யாருமில்லைங்க," என்றான் இராசையா. "பாரத்துக்கு ஒரு மண் மூட்டை வச்சிருந்தேன்."

அந்தச் சிரிப்பில் மலையே ஒரு தடவை குலுங்கி உட்கார்ந்தது. வெலிமடைப் பக்கத்தில் லீக்ஸ் பாத்திகள் சாய்ந்தன என்று பிறகு பேசிக்கொண்டார்கள். சிரிப்பு அடங்கி, மறுபடி கிளம்பி, மறுபடி அடங்கியது. கடைசிவரை அடங்காமல் தனியாகக் கேட்ட ஒரு சிரிப்பைக் கனகரத்தினத்தார் நாற்பத்தாறு வருடமாக அறிவார். அது குணமணியுடையது.

அவர் முடக்குக்கு வந்து சேர்ந்தபோது மாலை போட்டு, படம் பிடித்து, கேக்கும் தின்று முடித்திருந்தார்கள். பலகையில் "இராசையா முடக்கு" என்று ஈரமாக மின்னியது. எழுதுகிறவர் சிங்களத்தை முடித்துவிட்டு ஆங்கிலத்தில் கால்வாசி வந்திருந்தார்.

"அழியுங்கோ அதை," என்றார் கனகரத்தினத்தார். "கார் என்ரை. ஓட்டினது நான்."

"ஓட்டினவர்னு சட்டத்துல இல்லியேங்கய்யா," என்றான் கிஷாந்தன். அவன் முகம் சிரிப்பை அடக்கி வீங்கியிருந்தது. "பாலத்துலருந்து கார்ல வந்து, காயை முதல்ல ஒடச்சவர். ஒரு எழுத்து மாத்தாதன்னு நீங்கதானே சொன்னீங்க."

காரிலிருந்து அப்போதுதான் முழுசாக வெளியே வந்திருந்த ஜெயராசா, சட்டைப் பொத்தான்களைத் தேடிக்கொண்டே, "சட்டம்னா சட்டம்தானுங்களே," என்றார். அவ்வளவு மகிழ்ச்சியாகத் தோற்ற மனிதரை மலைநாடு கண்டதில்லை.

கனகரத்தினத்தார் இராசையாவைப் பார்த்தார். கழுத்தில் மாலை, கையில் பாதித் தேங்காய். இராசையா அவரை மேலும் கீழும் பார்த்தான். அறுந்த செருப்பில் வந்து பார்வை நின்றது.

"எங்கங்க போயிட்டீங்க?" என்று மிகவும் மரியாதையாகக் கேட்டான். "ஒண்ணுக்கிருக்கவா?"

அதற்குப் பிறகு கனகரத்தினத்தார் பதுளைக்குப் போய்வருவதைக் குறைத்துக்கொண்டார். போனால் பஸ்ஸில்தான் திரும்பவேண்டும். கொண்டக்டரிடம் இடத்தைச் சொல்லித்தான் இறங்கவேண்டும். முதலில் "ஏழாம் முடக்கு" என்று கேட்டுப் பார்த்தார். அப்படி ஒரு இடமே இல்லை என்றான் கொண்டக்டர், சத்தியம் பண்ணுகிறவன்போல. எட்டாம் முடக்கில் இறங்கி நடந்து பார்த்தார், முழங்கால் விடவில்லை. கடைசியில் வாயைத் திறக்காமல் விரலால் காட்டப் பழகினார். கொண்டக்டரும் விடவில்லை. "பெரியவருக்கு இராசையா முடக்கு இறக்கம்," என்று பஸ்ஸே அதிரக் கத்துவான். இராசையாவும் சில நாள் அதே பஸ்ஸில் வருவான். எழுந்து இடம் கொடுப்பான். அதுதான் பெரிய கொடுமை.

இரண்டாயிரத்து இரண்டில் அவர் படுக்கையில் விழுந்தார். டொக்டர் கையை விரித்ததும், தன்னுடைய வானொலி மரண அறிவித்தலைத் தானே சொல்லி எழுதச் சொன்னார். பிரபல மோட்டார் ஓட்ட வீரரும், ஐந்து கோப்பைகள் வென்றவரும் என்று தொடங்கியது. குணமணி எழுதி, வாசித்துக் காட்டினாள்.

"பிரபல மோட்டார் ஓட்ட வீரரும், ஐந்து கோப்பைகள் வென்றவரும், லுணுகலை இராசையா முடக்கை வசிப்பிடமாகக் கொண்டவருமான..."

"அதை வெட்டு."

"விலாசம் இல்லாட்டி செத்த வீட்டுக்குச் சனம் எப்பிடி வாறது?"

"வராமல் விடட்டும். வெட்டு."

"எழுதினதை வெட்டமாட்டன்," என்றாள் குணமணி. "ஒரு எழுத்து மாத்தாதை எண்டு நீங்கள்தானே சொல்லுவியள்."

டொக்டர் ஒரு வாரம்கூடத் தாங்காது என்றுதான் சொல்லியிருந்தார். அந்த அறிவித்தலுக்குப் பயந்தே கனகரத்தினத்தார் இரண்டு வருடம் பல்லைக் கடித்துக்கொண்டு சாகாமல் கிடந்தார். பதுளை ஆஸ்பத்திரியிலிருந்து அதைப் பார்க்கவென்றே டொக்டர்மார் வந்துபோனார்கள். கடைசியில் ஒரு மழைநாள் காலையில் கண்ணயர்ந்த நேரம் பார்த்து உயிர் நழுவிவிட்டது. அண்டை கொடுக்க ஆள் இல்லை.

அன்று பின்னேரம் வானொலி அறிவித்தலை ஒரு எழுத்துக் குறையாமல் வாசித்தது, இரண்டு தடவை. சனமும் வழி தவறாமல் வந்து சேர்ந்தது. எல்லாரும் கொண்டக்டரிடம் ஒரே இடத்தைக் கேட்டுத்தான் இறங்கினார்கள்.